பூவாரில் இரண்டு இரவு

"பிள்ளை போயி நாலு மாசம் ஆவுது. அதுக்குள்ள பூவாருக்கு லைட்டு பாக்கப் போறியோ? கொள்ளாம்!"

பனச்சமூட்டிலிருந்து வந்த கனகபாய், செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

லீலாபாய் நிமிரவில்லை. பைக்குள் ஒரு புடவையை வைத்து அழுத்தினாள்.

"ரெண்டு நாளுதான் மைனி. கிறிஸ்துமஸுக்கு கடற்கரை முழுக்க லைட்ட மாலை மாலையா போட்டிருக்காவளாம்."

"நாளைக்குக் கிறிஸ்துமஸ். துக்க வீட்டுல எவளாவது இப்படிக் கிளம்புவாளா? எலே ரெத்தினா, நீயாவது சொல்லப்பிடாதா?"

ரெத்தினதாஸ் கண்ணாடியைத் துடைத்தார். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். ஆகஸ்டில் மஞ்சள்காமாலை சோனாவைக் கொண்டுபோனதிலிருந்து வீட்டில் அவர் பேசுவது குறைந்துவிட்டது. எதையாவது விளக்கும்போது மட்டும் பேச்சு வரும்.

ஒரே மகள். அவள் இல்லாத இந்த டிசம்பரில் வீட்டு முன்னால் நட்சத்திரம் தொங்கவில்லை. கேக் இல்லை. சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் அப்படித்தான். கேரல் பாட வந்தவர்கள்கூடப் பாடவில்லை. வாசலில் நின்று சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள்.

"நானும் சொல்லிப் பாத்தேன் அக்கா," என்றார். "பூவாரு இங்கேருந்து ஒரு ஓட்டம்தான். சாயங்காலம் போயிப் பாத்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். இவ ரூம் போட்டே ஆவணும்ங்கா."

"தங்கணும்," என்றாள் லீலாபாய். "ரெண்டு ராத்திரியும்."

"லைட்டுல என்னடி அப்படி இருக்கு?"

கேள்வி லீலாபாய்க்கு. பதில் ரெத்தினதாஸிடமிருந்து வந்தது.

"இப்ப உள்ளது எல்லாம் எல்இடி ஆக்கும் அக்கா, ஒண்ணு போனாலும் மத்தது எரியும். நம்ம வீட்டுப் பழைய சீரியல் செட்டு அப்படி இல்ல. அதுல கரண்டு ஒரு பல்புக்குள்ள போயித்தான் அடுத்த பல்புக்குப் போவும். நடுவுல ஒண்ணு போச்சுன்னா வழி அத்துரும். மத்ததுக்கு ஒரு கேடும் இருக்காது. ஆனா ஒண்ணும் எரியாது. சோனா ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டிப் பாத்துக் கண்டுபிடிப்பா..."

கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு போனா எல்லாம் இருட்டா?" என்று கேட்டாள் லீலாபாய்.

"எல்லாம்."

"அப்ப போயித்தான் ஆவணும்."

கனகபாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுல ஊரு முழுக்க விளம்பரம் வேற! பஸ்ஸ விட்டு இறங்குனதும் பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி சொல்லுகா, 'லீலா சேச்சி ரெண்டு நாளு இங்க இருக்கமாட்டாவ'ன்னு. எனக்கு முகத்த எங்க கொண்டு வைக்கன்னு தெரியல்ல."

"வீடு வீடாப் போயிச் சொன்னேன் மைனி. எல்லாருக்கும் தெரியணும்."

"ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. செரி, போங்க. பிள்ளை படத்துக்கு முன்னால ஒரு மெழுகுதிரி கொளுத்த ஆளு வேண்டாமா? நான் இங்க கிடக்கேன்."

லீலாபாய் சட்டென்று எழுந்தாள்.

"வேண்டாம் மைனி! வீட்டுல ஆரும் இருக்கப்பிடாது."

கனகபாய் அவளையே பார்த்தாள். பிறகு கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"ஓகோ. நான் இருக்கவும் ஆவாதோ? இனி இந்தப் படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு."

ரெத்தினதாஸ் வாசல் கேட் வரை பின்னால் ஓடினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவளை எதுக்கு வெறுப்பேத்துக?" என்றார் வந்து. "ஒனக்கு உண்மையிலேயே லைட்டு பாக்கணுமா லீலா?"

அவள் சோனாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, புடவைக்குள் சுற்றிப் பையில் வைத்தாள்.

இருட்டத் தொடங்கியபோது ஆட்டோ வந்தது. லீலாபாய் கதவைப் பூட்டி, பூட்டைச் சத்தமாக இழுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மதிலருகே நின்று குரலை உயர்த்தினாள்.

"ஸ்ரீகுமாரி, போயிட்டு வாறோம்! கிறிஸ்துமஸ் கழிஞ்சுதான் வருவோம், கேட்டியா?"

"செரி சேச்சி!"

ஆட்டோ அவர்கள் சந்தின் முனையைக் கடந்து கால்வாய்ப் பாலத்தில் மெல்லத் திரும்பியது. ரெத்தினதாஸின் பார்வை தற்செயலாக ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் விழுந்தது.

ஸ்ரீகுமாரி வீட்டு மாமரத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் எரிந்தது. எதிர்வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. அவர்கள் வீட்டுத் துக்கத்துக்காக டிசம்பர் முழுவதும் விளக்கே போடாமல் கிடந்த சந்து, கடைக்கோடி வரை ஒளிர்ந்தது.

"நேத்து ஸ்ரீகுமாரிக்க மக ஆதிரா, நட்சத்திரத்த கட்டிலுக்கடியில எரியவிட்டுப் பாத்துட்டுக் கிடந்தா," என்றாள் லீலாபாய். திரும்பப் போன அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "பாக்காதீங்க. நாம பாத்தது தெரிஞ்சா அணைச்சுப்போடுவாவ."