ஒன்பது பள்ளிகள், ஒரே சுவர்

வாசலில் டாக்ஸிக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார். பர்னோ அசையவில்லை. கிடாரைத் தோளில் மாட்டியபடி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மாவின் கையில் ஆவி பறக்கும் ஒரு ரொட்டி.

"ஒரே ஒரு கடி கடிச்சிட்டுப் போடி. என் கண்ணுல்ல."

ஊரை விட்டுப் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டியது அவர் பொறுப்பு. உஸ்பெகிஸ்தானின் இந்தக் கோகந்த் ஊரில் பட்டாளத்துக்குப் போகிறவனும் கடிப்பான், படிக்கப் போகிறவளும் கடிப்பாள். கடிக்காமல் படியிறங்கினால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

"கடிக்க மாட்டேன்."

அப்பா தோஷ்மத், தந்தூர் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்தார். அவர் தெருவுக்கே ரொட்டி சுடுகிறவர். அவர் வீட்டுப் பெண்ணே ரொட்டியை வேண்டாம் என்கிறாள். அவருக்கு முகம் கன்றிப்போயிற்று.

"கம்பியத் தட்டித் தட்டி மூளையும் மழுங்கிப்போச்சா? ராக்காம், ராக்கு! தகர டப்பாவ உருட்டுற மாதிரி ஒரு சத்தம். அதைப் படிக்க ஒரு பள்ளிக்கூடம் வேற!"

இதை அவள் ஒரு வருஷமாகக் கேட்டு வருகிறாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடவும் பழகிவிட்டாள்.

அந்த ஒரு வருஷமும் மதியம் அப்பா கண்ணயரும் இரண்டு மணி நேரம்தான் அவளுடையது. கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்ப் பெட்டியின் மேல், சத்தம் வெளியே கேட்காதபடி இரண்டு கனத்த ரஜாய்களைப் போர்த்திவிட்டு வாசிப்பாள். இடது கை நகங்களை ஒட்ட வெட்டினாள். விரல் நுனிகள் வெடித்தன, ரத்தம் கசிந்தது, பிறகு காய்த்துப்போயின. இப்போது அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை வெறும் விரலால் தூக்கினாலும் அவளுக்குச் சுடுவதில்லை. வீட்டில் அப்படித் தூக்குகிற இன்னொரு ஆள் அப்பா மட்டும்தான்.

ராக் கிடார் சொல்லித் தருகிற ஒன்பது பள்ளிகளுக்கு எழுதிப் போட்டாள். எல்லோரும் வாசித்துக் காட்டும் வீடியோ கேட்டார்கள். ஒரே வீடியோவை எல்லோருக்கும் அனுப்பினாள். அதை எடுக்க மூன்று நாள் ஆனது. நன்றாக வாசித்ததை எல்லாம், படத்தில் சுவர் சரியாகத் தெரியவில்லை என்று அழித்துவிட்டு மறுபடி மறுபடி வாசித்தாள். படம் பிடித்த சிநேகிதி ஃபெரூசாவுக்குக் கை கடுத்துவிட்டது.

"வெளிய ரோஜாச் செடி பூத்துக் குலுங்குது. நீ போயும் போயும் இந்தக் காரை பேர்ந்த சுவத்து முன்னாடிதான் உக்காருவேங்கிற. உன் மூஞ்சிக்கு அது போதும்னு நெனச்சிட்டியா?"

சிரித்தாளே தவிர, பர்னோ இடம் மாறவில்லை.

ஐந்து பள்ளிகளிலிருந்து பதில் வந்தது. அவள் எல்லை தாண்டி, கஜகஸ்தானில் இருக்கும் அல்மாத்திப் பள்ளியைப் பிடித்துக்கொண்டாள். வீடு இரண்டுபட்டது.

இப்போதும் அப்பா அதையேதான் கிளறினார். "தாஷ்கெண்ட்ல அத்தை வீடு இருக்கு. பிஷ்கெக்ல சும்மாவே சொல்லித் தரேங்கிறான். ரெண்டையும் விட்டுட்டு ஆளே தெரியாத ஊருக்குப் போறியே, அப்படி என்னதான் எழுதிக் கிழிச்சிருக்கான் அங்க?"

பர்னோ ஃபோனைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நீங்களே படிங்க."

அவர் படித்தார். இரண்டே வரிதான். ஆனால் வெகுநேரம் படித்தார்.

காரை பெயர்ந்த அந்தக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் பதினொரு வருஷமாக ஒரு ரொட்டி தொங்குகிறது. அண்ணன் இல்ஹோம் கடித்த ரொட்டி. அவனுடைய கிடாரை அப்பா முற்றத்தில் போட்டு உடைத்தாரே, அன்றைக்குப் போனவன். அம்மா மட்டும் வாசல் வரை ஓடி, அவன் வாயில் ஒரு கடி திணித்து அனுப்பினாள். அதற்குப் பிறகு சேதி இல்லை. அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அப்பா அந்த ஆணிப் பக்கம் தலை தூக்கியதில்லை. ரொட்டியைக் கழற்றி எறியவும் இல்லை.

பர்னோ நேராகப் போய் அதைக் கழற்றினாள். தூசியை ஊதினாள். அண்ணனின் பல் பதிந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஓங்கிக் கடித்தாள். ஓட்டுச் சில்லு மாதிரி இருந்தது. பல்லே பெயர்ந்துவிடும் போல வலித்தது. ஒரு துணுக்கு வந்தது. அதை மென்று விழுங்கினாள்.

"ஐயோ, என்னடி இது!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுலதான் கடிப்பேன். மிச்சத்தத் திங்க ஒத்தையா வரமாட்டேன். எழுதி வச்சுக்கோங்க."

ரொட்டியை அப்பாவின் கையில் திணித்தாள். ஃபோனை வாங்கிக்கொண்டாள். அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். டாக்ஸி தெரு முனை திரும்புகிற வரை கிடாரின் கழுத்து மட்டும் பின் கண்ணாடியில் தெரிந்தது.

அம்மா உள்ளே வந்தபோது அப்பா நாற்காலி போட்டு ஏறி, இரண்டு பக்கமும் கடிபட்ட ரொட்டியை அதே ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்தும் இறங்கவில்லை.

"அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னங்க எழுதியிருந்தார்?"

"'தாளம் ரெண்டு எடத்துல ஓடுது, இங்க வந்தா திருத்திடலாம்'னு எழுதியிருக்கான்." அப்பா ரொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்புறம், 'உனக்குப் பின்னால ஆணியில தொங்குதே, அது இன்னும் எனக்குத்தானா?'ன்னு கேட்டிருக்கான்."