மூன்று கைதட்டல்

"எங்க அம்மாவை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாமா?"

"பார்க்கலாம்."

முதல் வருஷம் அவள் கேட்டது. ஒரகடம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அவளுடைய ஜப்பானியக் கணவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அது. சொல்லும் விதத்தையும் சேர்த்தே கற்றிருந்தான்.

"உங்க அப்பாகிட்ட நானே கேட்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். எங்க ஊர்ல மருமகள் நேரா கேட்க மாட்டாங்க. நான் பேசறேன்."

"எப்போ?"

"புது வருஷம் கழியட்டும்."

நாளை மூன்றாவது புது வருஷம்.

இப்போது அவள் முழங்கால் மடித்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பனி. கதவு அதிர்ந்தது.

நமஹாகே.

ஆண்டின் கடைசி மாலையில் மலையிலிருந்து இறங்கி, இந்த ஓகா கடற்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறும் பூதங்கள். சிவப்பு முகம் ஒன்று, நீல முகம் ஒன்று. உடம்பெல்லாம் வைக்கோல். கையில் மரக்கத்தி.

ஏழு முறை தரையை மிதித்தன. அலமாரியில் கிண்ணங்கள் குலுங்கின.

சிவப்பு முகமூடிக்குள் இருப்பது தபால்கார சுகவாரா. இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனாலும் பூதத்தை அடையாளம் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை.

"அழுகிற பிள்ளை இருக்கா? சோம்பேறி மருமகள் இருக்காளா?"

பதில் சொல்வது வீட்டுப் பெரியவரின் வேலை. மருமகள் தலை குனிந்திருந்தால் போதும்.

மாமனார் அரிசி மதுவை ஊற்றி நீட்டினார். "எங்க மருமகள் நல்லவள். நான் எழுந்திருக்கும் முன்னே வாசல் பனியைத் தள்ளி முடிச்சிருப்பாள்."

"கடல் தாண்டி வந்தவளாச்சே. மீன் ஆயத் தெரியுமா?"

"என்னைவிட நல்லாத் தெரியும். அவள் குழம்பு வெச்சா மட்டும் எனக்குக் கண்ணுல தண்ணி வரும்."

நீலப் பூதம் சிரித்துவிட்டது. பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்து உறுமியது.

"முதல் வருஷம் வைக்கோலைப் பெருக்கினவள்தானே இவள்?"

பூதத்தின் மேலிருந்து உதிரும் வைக்கோல் அதிர்ஷ்டம். மறுநாள் வரை தொடக் கூடாது. அவளுக்கு அது தெரியாது. சோம்பேறி இல்லை என்று காட்ட, அவர்கள் வாசல் தாண்டும் முன்பே துடைப்பத்தை எடுத்துவிட்டாள். பனி உருகும் வரை ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது.

"அது அப்போ. இப்போ ஒரு குறையும் இல்லை." மாமனாரின் குரலில் உண்மையான பெருமை இருந்தது. "மூணு வருஷத்துல எங்ககிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்லை."

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

ஒண்ணுகூட.

ஐப்பசியில், கோவில்பட்டி வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தாள். மறுநாள் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை ஈரத்தரையில் கிடந்தாள்.

"தனியா விழறதுல ஒரு வசதி," என்று போனில் சிரித்தாள். "யாரும் பார்க்கலை."

"இங்க வந்துடும்மா."

"பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்ல வந்து நான் உக்காரவா? போடி."

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. ஆனால் அம்மா போனை வைக்கவும் இல்லை.

இந்த வீட்டில், கடலைப் பார்த்தபடி, எட்டுப் பாய் விரிக்கும் அளவில் ஓர் அறை இருக்கிறது. ஆள் இல்லை. மாதம் ஒருமுறை துடைத்துவிட்டுச் சாத்துவது அவள்தான்.

பூதங்கள் எழுந்தன. மூன்று முறை மிதித்தன.

சிவப்புப் பூதம் மாமனாரிடம் குனிந்து, வழக்கமான கடைசி வார்த்தையைச் சொன்னது. "இவள் சொல் கேட்கலைன்னா மூணு தடவை கை தட்டு. எந்த மலையில இருந்தாலும் இறங்கி வருவோம்."

கதவு நகர்ந்தது. பனிக்காற்று உள்ளே வந்தது. அவர்கள் படி இறங்கினார்கள்.

அவள் எழுந்தாள். மரத்துப்போயிருந்த கால்கள் ஒரு கணம் தடுமாறின.

கணவன் அவள் ஸ்வெட்டர் கையைப் பிடித்தான். "பார்க்கலாம்," என்றான். தமிழில், மெதுவாக.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

வெளியே பூட்ஸ் சத்தம் நின்றது. பனியில் இரண்டு முகமூடிகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. மருமகள் தட்டினால் என்ன செய்வது என்று பூதங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

திரும்பி வந்தன. ஏழு முறை மிதித்தன. இந்த முறை கிண்ணங்கள் குலுங்கவில்லை.

"யார் கூப்பிட்டது?" பாதிக்கு மேல் சுகவாராவின் சொந்தக் குரல்தான்.

"நான்."

"யார் மேல குறை?"

"இந்த வீட்ல சோம்பேறி மருமகள் இல்லை. சோம்பேறி மகள் ஒருத்தி இருக்கா. மூணு வருஷமா வாயைத் திறக்காதவள்."

மாமனாரின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. கணவன் தரையைப் பார்த்தான்.

காலடியில் வைக்கோல் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றி நடந்து, மாமனாருக்கு எதிரே போய் நின்றாள். குனியவில்லை.

"அப்பா, எங்க அம்மாவுக்கு அந்த எட்டுப் பாய் அறை வேணும்."