மெக்சிகோ கடலில் மதியச் சாப்பாடு

பவுசியா கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்சிகோ கடலில் படகையே வீடாக்கிக்கொண்டு வாழும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவன் சுக்கான் பிடித்தான். அவள் மீன் வறுத்தாள்.

“கொடுத்து வச்சவ,” என்றாள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சுகுணா. “நம்ம ஜெகதாப்பட்டினத்துல பொம்பளைய போட்டுல ஏற விடுவாங்களா?”

“வறுக்கிற லட்சணத்தைப் பாரு. மஞ்சத்தூள்கூடப் போடல.”

“என்னக்கா, பொறாமையா?”

“ஆமா.”

சுகுணா சிரித்தாள். “புருசன் ஆளு நல்லாத்தான் இருக்கான்.”

“அவனை யாரு பார்த்தா?”

வீடியோவில் அந்தப் பெண் ஒரு துண்டு மீனை எடுத்து, ஊதி, சிரித்தபடி கேமராவை நோக்கி நீட்டினாள். கை திரும்பி வந்தபோது அதில் மீன் இல்லை.

பவுசியா வீடியோவைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள்.

“புருசன் அங்கிட்டுல்ல நிக்கிறான்!” என்றாள் சுகுணா. “அப்ப யாருக்கு ஊட்டுறா?”

“படம் புடிக்கிறவருக்கு.”

“அது யாருக்கா?”

“எங்க வீட்டுக்காரர். அந்தப் போட்டுலதான் ரெண்டு வருசமா வேலை பாக்குறாரு.” பவுசியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் ஊட்ட வந்தா மட்டும், வெக்கமா இருக்குன்னு கையைத் தட்டிவிடுவாரு.”