அசுர சாதகம்

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா? இதை நான் தனியாத்தான் கேக்கணும்."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டியதும், விற்பனையாளர் அதை வாங்கிக்கொண்டு விழித்தார். கடையில் அவருக்குப் பெயரே 'காது'. பதினான்கு வருடமாக, பாட்டுப் போட்டுக் காட்டும் அந்த அறையில் ஸ்பீக்கர் விற்கிறார். இதுவரை எந்த வாடிக்கையாளரும் அவரை வெளியே போகச் சொன்னதில்லை.

ஆனால் இன்றைக்கு ரோஷம் பார்க்க முடியாது. நடுவில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஜோடி இன்றைக்குள் விலைபோகவில்லை என்றால், நாளை முதல் கீழ்த்தளத்தில் வாஷிங் மெஷின் விற்கப் போகலாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் பட்டாம்பூச்சி தும்மினாலும் கண்டுபிடித்துவிடும் காது அது. அது இனி ஈரத்துணி சுற்றும் சத்தத்தைக் கேட்டே காலம் தள்ள வேண்டும்.

மேனேஜரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆளுயரத்துக்கு மேலே ஒரு சாண் நிற்கும் அந்த ஜோடி வந்து எட்டு மாதம் ஆகிறது. தூக்கி வைத்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கட்டடத்தின் தூண் என்று நினைத்துச் சாய்ந்து நின்றார்களே தவிர, விலை கேட்கவில்லை.

அந்த அம்மாள் வந்ததுமே அவரிடமும் காது தன் வித்தையெல்லாம் காட்டித்தான் பார்த்தார். உள்ளே சத்தம் முட்டி மோதிக் குழம்பாமல் இருக்கப் படகு போல வளைத்த மரப்பெட்டி, அதிர்வு தரைக்குப் போகாமலிருக்க எஃகு முள் கால்கள், கீச்சொலிக்குப் பட்டுத்துணியில் ட்வீட்டர், அடிநாதத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வூஃபர் என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவரோ பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுமா என்று மட்டும் கேட்டார். முதலில் சின்ன ஜோடிகளைக் கேட்கிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

பென் டிரைவைச் செருகி, முதல் சின்ன ஜோடிக்கு வயரை மாட்டிக் கொடுத்துவிட்டு, காது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கொசு சத்தம்கூட வராத கதவு. அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே நிமிடம். உதடு பிதுங்கியது. கதவு திறந்தது.

"ஆரம்பிக்கிற இடம் பரவாயில்ல. கீழ இறங்கிப் புரள்ற இடம்தான் வரவே இல்ல."

இரண்டாவது ஜோடிக்கும் அதே கதி. புரள்வது வந்துவிட்டதாம், ஆனால் முடிகிற இடத்தில் பொடியாக ஒரு விசில் உண்டாம், அது அமுங்கிப் போயிற்றாம்.

காது அசந்துபோனார். இப்படி ஒரு ரசிகையை அவர் பார்த்ததே இல்லை. வாசித்தது யார் என்று பணிவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்தான்."

"தினமும் சாதகம் பண்ணுவாராம்மா?"

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல்ல கிடந்தாலும் விட மாட்டார்."

அசுர சாதகம் என்று காது உருகினார். என்ன வாத்தியம் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால், இவ்வளவு பெரிய வித்வானைத் தெரியாதா என்று எழுந்து போய்விட்டால்? அதனால் துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டார். ஐயா வாசிச்சு நேரிலேயே கேட்டிருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார்.

அம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நேர்லயா? எங்க, ரயில்லயா?"

"ஆமா, ரயில்லதான்," என்று காது சமாளித்தார்.

"அன்னிக்குப் பெட்டியே எழுந்து உக்காந்துடுச்சு," என்று அம்மாள் பெருமூச்சு விட்டார்.

ஒரு ரயில் பெட்டியே எழுந்து மரியாதை செய்த கலைஞரை நினைத்துக் காதுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயரை உயரமான ஜோடிக்கு மாற்றிவிட்டு வெளியே வந்தார். மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டு, கீழே வாஷிங் மெஷின் பக்கத்தில் அவருக்கு ஸ்டூல் போடச் சொல்லியாகிவிட்டது என்று காதோடு சொன்னார்.

உள்ளே வூஃபர்கள் மெல்ல உள்வாங்கின. ஒரு நொடி நின்றன. பிறகு விம்மிக்கொண்டு வெளியே வந்தன. இப்படி ஒரு கனத்த பேஸ் ஒலியை இந்த ஜோடி வாசித்துக் காது பார்த்ததே இல்லை. அம்மாள் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கட்டத்தில் முழங்கையால் ஸ்பீக்கரை ஓங்கி ஓர் இடி இடித்தார். தாளம் போடுகிறார் என்று காது மேனேஜருக்கு விளக்கினார்.

பத்து நிமிடம், பத்து யுகம். கதவு திறந்தது. அம்மாளின் முகத்தில் ஆயிரம் வாட் வெளிச்சம்.

"இதேதான் தம்பி. அந்த விசில்கூட அப்படியே வருது. பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கு."

காதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜரே ஓடிப்போய் ஆர்டர் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எந்த விலாசத்துக்கு அனுப்பணும் என்று காது பேனாவைத் திறந்தார்.

"விலாசமா, எதுக்கு? நாளைக்கு அவரையே இங்க கூட்டிட்டு வரேன், இதுல ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்," என்றார் அம்மாள். "போன்ல போட்டா ஸ்பீக்கர் கோளாறுங்கிறார் தம்பி, தான் குறட்டையே விடறதில்லைன்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறார்."