முகம் தெரிந்த ஆள்

“மேலே பாருங்க. கீழே. இப்ப என்னைப் பாருங்க.”

செயற்கைக் கண் செய்பவள் அவருடைய இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கண்ணை எடுத்த குழிக்குள் வைத்துத் தைத்த உருண்டை முழுக்கத் துளைகள். அவற்றில் சதை புகுந்து வளர்ந்துவிட்டது. அவர் பார்க்கும் பக்கமெல்லாம் உருண்டையும் கூடவே திரும்பியது.

“உடம்பு இதைத் தன்னோடதுன்னே நினைச்சுக்கிச்சு. சில பேருக்கு வெளியே தள்ளிடும். உங்களுக்குக் கொடுப்பினை.”

இனி அதன்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் ஓடுதான் பாக்கி. மேசையில் இரண்டு இருந்தன. ஒன்றின் விழி வெளிர்பழுப்பு. மற்றது கருமை.

அவருடைய வலது கண் வெயிலில் வெளிர்பழுப்பாகவும் நிழலில் கருமையாகவும் தெரியும். ஓட்டின் நிறம் மாறாது. எதை மாட்டினாலும் இனி அந்த முகத்தோடுதான் நடமாட வேண்டும்.

போன முறை தனியாக வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டாள். கண்ணாடி முன்னால் எல்லோரும் முகத்தை விறைத்துக்கொள்வார்களாம். அதை நம்பி நிறம் முடிவு செய்யமாட்டாள். தினமும் அவர் முகத்தைப் பார்க்கிற ஆள் வேண்டுமாம்.

“இவருதான் தம்பியா? சாயலே இல்லையே.”

“அம்மா அழகெல்லாம் அவரு எடுத்துக்கிட்டாருங்க. எனக்கு அப்பா மூக்குதான் மிஞ்சிச்சு.”

தம்பி குனிந்து அவர் முகத்தையே பார்த்தான். அவரை யாரும் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இமைக்கவே மறந்துபோனார்.

“கறுப்புதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சின்ன வயசுல இவரு முறைச்சா நின்ன இடத்துலயே நனைச்சுருவேன். எங்க அண்ணன் கண்ணு எனக்குத் தெரியாதா?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் யாரையும் முறைத்ததில்லை. நிலம் அளப்பவர், காலமெல்லாம் வெயிலில் நின்றவர். வெளிர்பழுப்புதான் தன் கண் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார்.

“அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

கருமையை மாட்டினாள்.

வெளியே நல்ல வெயில். கார் கண்ணாடியில் ஒரு கண் வெளிறியும் ஒரு கண் கறுத்தும் தெரிந்தன.

தம்பி அவருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டான். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்து, வாடகை மீட்டரைப் போட்டான்.

“வீட்டுக்குத்தானே சார்? எந்தப் பக்கம் போகணும்?”