தூக்கிய கை

காலையில்தான் லின்தோய் பார்லர் வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள். ஜப்பானியப் பெண் ஓவியர் ஒருவரைப் பற்றிய சரித்திரப் படத்துக்கென்று கூப்பிட்டதும், மணிப்பூர்க்காரியான தனக்குத்தான் அந்த வேஷம் என்று நம்பிவிட்டாள்.

மேக்கப்காரர் சேவியர் அவள் முகம் முழுக்கப் பிளாஸ்டரை அப்பினார். கண்ணும் வாயும் மூடிப்போயின. மூக்கில் இரண்டு ஸ்ட்ரா மட்டும்.

"அசையாதம்மா. மூச்சு முட்டினா கையத் தூக்கு, உடனே எடுத்துடறேன்."

பிளாஸ்டர் இறுகியது. இருட்டுக்குள் குரல்கள் மட்டும் கேட்டன.

"இந்த மூஞ்சி நம்ம ஹீரோயின் மேடத்துக்கு ஒட்டுமாண்ணே?" உதவி இயக்குநர் கேட்டான்.

"அச்சு எடுத்துட்டா கண்ணு, மூக்கு எல்லாத்தையும் ரப்பர்ல செஞ்சு அப்படியே ஒட்டிடலாம்."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"அதுவா? சாயங்காலம் பார்லருக்குப் போயிடும்."

லின்தோய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒரு ஸ்ட்ராவில் காற்றே வரவில்லை. கையைத் தூக்கினாள்.

"டாட்டா காட்டுதுண்ணே!"

"எல்லாரும் பயந்துக்கிட்டு இப்படித்தான் தூக்குவாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்."

இன்னும் உயரத் தூக்கினாள். விரல்களை விரித்து ஆட்டினாள். வளையல் சத்தத்தோடு யாரோ வந்து அந்தக் கையைப் பிடித்தார்கள்.

"ஐயோ, என்ன அழகான விரல்!" அது மேடத்தின் குரல். "பிரஷ் பிடிக்கிற ஷாட்டுக்கு இதையும் அச்சு எடுத்துடுங்க சேவியர்."

தூக்கிய கையில், மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை நோக்கி, ஜில்லென்று பிளாஸ்டர் ஏறத் தொடங்கியது.