நாலாவது கிண்ணம்

அம்மா கண்மூடிய அறையும் சேர்த்து, தைனான் வீட்டுக்கு வந்த விலை மூன்று கோடித் தைவான் டாலர். அண்ணனும் தம்பியும் விற்றுவிடலாம் என்றார்கள். அங்கேயே குடியிருந்த சியோக்ஹுன் மாட்டேன் என்றாள்.

பாகம் பிரிக்க அண்ணன் தாய்மாமனைக் கூட்டிவந்தான். அவர் பிரித்தால் மறுபேச்சு கிடையாது. வழக்கப்படி, முன்னோர் மாடத்து ஊதுபத்திச் சாம்பலை ஆளுக்கொரு கிண்ணமாக அள்ளிவைத்தார். நிமிர்ந்து பார்த்தால், மேசையில் நாலு கிண்ணம் நிறைந்திருந்தது.

"ரெண்டு பங்கு கேக்குற கெட்டிக்காரன் யாருடா?"

"எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது மாமா?" என்றான் தம்பி.

"தெரியுது. அதான் கேக்குறேன்."

சாம்பலைத் திரும்பக் கொட்டினார். மூன்று கிண்ணம் போக மிச்சக் கிண்ணங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுபடி அள்ளினார். மறுபடியும் நாலு நிறைந்தது. சியோக்ஹுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்று ஆறிக்கிடந்தன, நாலாவது சுட்டது.

"இது யாரோட பங்கு மாமா?"

"எனக்கென்ன தெரியும்? பங்கு நாலாயிடுச்சு. இனி நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் விக்கலாம்."

அண்ணன் வாயைத் திறந்தான். மாமாவைக் கூட்டிவந்தது தான்தான் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

சியோக்ஹுன் கையெழுத்துக்குப் பதில் பதிக்கும் தன் முத்திரையை எடுத்து, முதல் ஆளாக விற்பனைப் பத்திரத்தில் பதித்தாள். மற்ற இருவரும் பதித்தார்கள்.

மூன்று முத்திரை விழுந்தாயிற்று. ஒன்று இன்னும் பாக்கி.